சிவக்காத துணி

திருச்சி விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி, பஞ்சுக்கும் பழைய துண்டுகளுக்கும் நடுவே கிடந்த கருவியைப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா?" என்று கேட்டார். "உருப்பெருக்கி சார், ஆஸ்பத்திரிக்கு" என்றேன். "இதுல எதைப் பார்ப்பீங்க?" என்றார். எனக்குப் பின்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். "கண்" என்று சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டிப் பெட்டியை மூடச் சொன்னார்.

பினாங்கில் இருபத்து நாலு வருஷம் செவிலியாக வேலை பார்த்தவள் நான். அந்தக் கருவியால் நாங்கள் பார்ப்பது ஆசனவாயை. அதைச் சொல்ல நா எழாமல், முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் பொய் சொன்னேன். கோவில்பட்டி வந்து சேரும்வரை அந்தப் பொய் உறுத்திக்கொண்டே இருந்தது.

என் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவருக்கு இரண்டு வருஷம் மலத்தோடு ரத்தம் போயிற்று. மூலம் என்றார் அவர். வீட்டில் எல்லோரும் மூலம் என்றோம். கடைசியில் ஒரு டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு பார்த்தபோது அது புற்றாகி, முற்றியும் போயிருந்தது. அண்ணன் போன பிறகு வார்டு வேலையை விட்டுவிட்டு இந்த உருப்பெருக்கிப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கினேன். அங்கே புதுக் கருவி வந்ததும், பழையதைக் கோவில்பட்டியில் ஒரு சிறிய தொண்டு மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். அதைக் கொண்டுபோய்ச் சேர்த்து, பத்து நாள் கூட இருந்து பழக்கிக் கொடுத்துவிட்டு வரும் வேலை எனக்கு வந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலைந்து வருஷம் கழிந்திருந்த ஓர் ஐப்பசி அது.

ரயிலடிக்கு டாக்டர் தமயந்தி ஸ்கூட்டரில் வந்திருந்தார். ஒல்லியான பெண், நாற்பது வயதிருக்கும், புடவையை இழுத்துச் செருகியிருந்தார். பெட்டியை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். பஸ் நிலையத்தை ஒட்டிய சுவரெல்லாம் 'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. பினாங்கில் இந்த வியாதியைச் சுவரில் எழுத மாட்டோம், வாயாலும் சொல்ல மாட்டோம். இங்கே சுவர் சொல்கிறது, ஆள் சொல்வதில்லை. "எழுதியிருக்கவங்க ஒருத்தராவது பாத்து வைத்தியம் பண்ணுவாங்களா டாக்டர்?" என்று கேட்டேன். "பாக்கவே மாட்டாங்க சிஸ்டர். பொடி குடுப்பாங்க. பாக்காம குடுக்கறதுனாலதான் அங்க கூட்டம்" என்றார்.

தமயந்தி பெண்களுக்கான டாக்டர். கர்ப்பப்பை வாயில் வினிகர் தொட்டுப் பார்க்கும் சோதனையை வருஷக்கணக்காகச் செய்துவந்தார். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் தனியாக ஒரு கிளினிக்கும் நடத்தினார். கர்ப்பப்பை வாயைக் கெடுக்கும் அதே மருக் கிருமிதான் ஆசனவாயையும் கெடுக்கிறது. உடம்பில் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களிடம் அது தங்கிவிடும். அங்கே உள்தோலில் செல்கள் மெல்ல மெல்ல, வருஷக்கணக்கில் மாறி, ஒரு நாள் புற்றாகின்றன. அந்த வருஷங்களுக்குள் கண்டுபிடித்துவிட்டால் அந்த இடத்தை மட்டும் சுட்டு எடுத்துவிடலாம். வெறும் கண்ணுக்குத் தெரியாது. விரல் தடிமனில் ஒரு குழாயை உள்ளே செலுத்தி, வினிகர் வைத்து இரண்டு நிமிஷம் பொறுத்து, உருப்பெருக்கியில் பார்த்தால் கெட்ட இடம் வெளுக்கும். பிறகு அயோடின் தடவினால் நல்ல தோல் பழுப்பாகும், கெட்ட இடம் மட்டும் பழுப்பேறாமல் மஞ்சளாக நிற்கும். சந்தேகமான இடத்தில் அரிசி முனை அளவு கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். எங்கள் வேலை முழுவதும் இவ்வளவுதான்.

முதல் நாள் முழுக்கச் சோதனைதான், எங்களுக்கு. பெட்டியில் வினிகர் பாட்டில் உடைந்து என் புடவைகளெல்லாம் ஊறுகாய் வாசம் அடித்தன. கருவியின் விளக்கை மாட்டியதும் பட்டென்று போயிற்று. தாங்கியின் எடைக்குப் பயந்து அதைப் பினாங்கிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். டாக்டர் கலங்கவில்லை. லேத் பட்டறைக்காரர் ஒருவர் பழைய பல் வைத்திய நாற்காலியின் கையை அறுத்துப் பற்றவைத்துத் தாங்கி செய்தார். விளக்குக்கு மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு பல்பு பொருந்தியது. டாக்டர் அறையிலிருந்த சின்ன டி.வி.யைக் கருவியின் கேமராவோடு இணைத்தோம். வினிகருக்கு மட்டும் மருந்துக்கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம், கிடைக்கவில்லை. கடைசியில் பஸ் நிலையத்துக்கு எதிரே நூடுல்ஸ் போடும் தள்ளுவண்டிக்காரர், "எத்தனை பாட்டில் வேணும்?" என்று கேட்டார். கொடுத்த கையோடு ஒரு தட்டு நூடுல்ஸையும் நீட்டினார். எங்கள் ஊர் மீ கோரெங் நூடுல்ஸைத் தின்று வளர்ந்த நாக்குக்கு அது வேறு சாதியாக இருந்தது. ஆனாலும் காலையிலிருந்து கடலை மிட்டாயைத் தவிர வேறொன்றும் உள்ளே போகாததால் தட்டை வழித்தே தின்றேன்.

இரண்டாம் நாள், டாக்டரிடம் ஏற்கெனவே சோதனைக்கு வந்துகொண்டிருந்தவர்களில் ஒன்பது பெண்கள் வந்தார்கள். பெரும்பாலும் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறவர்கள். முதல் அம்மாவுக்கு அயோடின் தடவியதும் ஓரமெல்லாம் மஞ்சள். இரண்டு இடத்தில் கிள்ளி எடுத்தோம். அடுத்தவருக்கும் மஞ்சள். மூன்றாமவருக்கும் மஞ்சள். நாலாமவருக்கும் மஞ்சளாக இருந்தபோது நான் கருவியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். ஓர் ஊரே இப்படி இருக்க முடியாது.

பேச்சியம்மா அப்போது வாளியோடு உள்ளே வந்தார். ஆஸ்பத்திரியில் துடைப்பது, துவைப்பது, பயந்து வருகிறவர்களைப் பேசிப் படுக்க வைப்பது எல்லாம் அவர்தான். ஐம்பது வயது, கறுத்து உயர்ந்த உருவம். நாங்கள் முழிப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன சிஸ்டரு?" என்றார். சொன்னேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டாக்டரம்மா அந்த எடத்தப் பாக்கப் போறாவன்னு சொல்லி விட்டா, மஞ்சத் தேய்ச்சுக் குளிக்காமயா வருவாவ? அழுக்கோட வந்து காட்டச் சொல்லுதீங்களா?"

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. முகத்துக்கும் காலுக்கும் மட்டும் பூசுகிற மஞ்சளை, அன்று டாக்டருக்கு மரியாதையாக எங்கேயெல்லாமோ பூசிக்கொண்டு வந்திருந்தார்கள். குழாயை உள்ளே செலுத்தியபோது அதுவும் கூடவே போய் ஒட்டியிருந்தது. வினிகர் வைத்தபோதே லேசாக மஞ்சளோடியதைப் பார்த்தேன்தான், மோட்டார் சைக்கிள் விளக்கின் நிறம் என்று நினைத்துவிட்டேன். முதல் அம்மாவிடம் போய் டாக்டர் மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மாளோ, "கிள்ளுனது வலிக்கவே இல்ல, நீங்க மொதல்ல போயி சாப்புடுங்க" என்றார்.

அன்றிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் மஞ்சள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். பாதிப் பேர் கேட்கவில்லை. பூசாமல் வருவது அவர்களுக்குக் கூசியது. எண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டுப் பார்க்கப் பழகினோம். அப்படியும் ஓரங்களில் கொஞ்சம் தங்கும். அயோடினுக்குப் பிறகு மஞ்சளைக் கண்டால், "உங்க ஊர் மஞ்சள்" என்று நான் சொல்வேன், டாக்டர் சிரித்துக்கொண்டே அடுத்த இடத்துக்குப் போவார். மூன்றாம் நாளும் நாலாம் நாளும் அப்படியே போயின. கெட்டிக்காரி என்று என்னை நானே நினைத்துக்கொண்ட நாட்கள் அவை.

ஐந்தாம் நாள் ஓர் ஆண் வந்தார். அன்று மட்டுமல்ல, அந்த வாரத்துக்கே அவர் ஒருவர்தான். எப்போதும்வென்றான் என்ற ஊரைச் சேர்ந்த லாரி டிரைவர் சண்முகையா, முப்பத்தைந்து வயதிருக்கும். தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு வடக்கே போய்வருகிறவர். இரண்டு வருஷமாக டாக்டரின் எச்.ஐ.வி. கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்தார். முகத்தை வாசல் பக்கமே திருப்பிக்கொண்டு பேசினார்.

"உக்காந்து ஓட்ட முடியல சிஸ்டர். மூலம்னு பொடி தின்னேன், கருணக்கெழங்கு தின்னேன். ஒண்ணும் கேக்கல."

படுக்க வைத்து, குழாயைச் செலுத்தி, வினிகர் பஞ்சை வைத்தோம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்டு போய்விட்டது. மின்விசிறி நின்றது, விளக்கு அணைந்தது. அந்த மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டு அப்படியே கிடந்தார். டார்ச்சைப் பிடித்துப் பார்த்தோம், ஒன்றும் பிடிபடவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துக் கரண்டு வந்தபோது வினிகரின் வெளுப்பு, இருந்திருந்தாலும், போயிருக்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். அவரும் "முடிஞ்சிட்டாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நேரே அயோடினுக்குப் போனோம்.

உள்விளிம்பில், ஓர் உளுந்து அளவுக்கு மஞ்சள் நின்றது. டாக்டர் கிள்ளும் இடுக்கியை எடுத்தார். "மஞ்சள்தான் டாக்டர், விடுங்க" என்றேன்.

சண்முகையா எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டு, "ஒண்ணும் இல்லையா சிஸ்டர்?" என்று என்னிடம் கேட்டார். "ஒண்ணும் இல்ல" என்றேன். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். திங்கட்கிழமை லோடு இருக்கிறது, போய்வர இருபது நாளுக்கு மேல் ஆகும் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஆறாம் நாள் ஞாயிறு. பேச்சியம்மா என்னை இடைசெவலில் இருக்கும் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தார். முந்தின நாள் மழை பெய்து, சாலைக்கு இரண்டு பக்கமும் கரிசல் கறுகறுவென்று ஈரமாகக் கிடந்தது. எங்கள் ஊரில் மண் செம்மண், மழை பெய்தால் ஓடிவிடும். இங்கே மழை மண்ணுக்குள் உட்கார்ந்துகொள்கிறது. கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் கீரையும் வைத்தார். சோற்றைக் குழம்பில் பிசைந்து முழுங்கச் சொல்லிக் கொடுத்தார். நான் மென்று மென்று தின்றதைப் பார்த்துச் சிரித்தார்.

சோறு போட்டுக்கொண்டே ஊர்க்கதை பேசுகிற மாதிரிதான் சொன்னார். "இந்த வாரம் துணி அலசியே கையுறையெல்லாம் செவந்துபோச்சு சிஸ்டரு. சோப்புத் தண்ணியில போட்டா அம்புட்டும் ஆலாத்தித் தண்ணியாட்டம்லா செவக்குது. அந்த டிரைவரு துணி ஒண்ணுதான் செவக்கல. அவிய என்ன, மஞ்சளா பூசப் போறாவ."

பெண்களுக்கு விரிக்க வெள்ளைத் துணி, ஆண்களுக்குக் கட்டம் போட்ட துணி என்று அவரே பிரித்து வைத்திருந்தார். மஞ்சள் கறை சோப்புப் பட்டால் சிவக்கும், அயோடின் கறை வெளுத்துப் போகும். இது எனக்கும் தெரியும். துவைக்கிற எல்லோருக்கும் தெரியும்.

கையில் எடுத்த உருண்டையைத் தட்டிலேயே வைத்தேன். "நல்லாப் பாத்தீங்களாம்மா?" என்றேன். "பாக்காம என்ன. அயோடின் கறை மட்டும் இருந்துச்சு, அதுவும் போயிருச்சு" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கும் புரிந்துவிட்டது. அந்த மனிதர் மஞ்சள் பூசவில்லை. அப்படியானால் நான் பார்த்த மஞ்சள் அவருடைய தோலில் இருந்தது.

டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கரண்டு போனப்பவே நான் நிறுத்தியிருக்கணும்" என்றார். சண்முகையாவிடம் போன் கிடையாது. ஆஸ்பத்திரி வேனில் போனால் ஊர் முழுக்க ஏன் எதற்கு என்று கேட்கும். அந்த வேன் எந்தக் கிளினிக்கின் வேன் என்று சுற்றுவட்டாரத்துக்கே தெரியும்.

"நானும் நீங்களும் பஸ்ல போவோம்" என்றார் பேச்சியம்மா. "மலேசியாவுல இருந்து கொலசாமியத் தேடி வந்திருக்காவன்னு சொல்லிருதேன். ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ."

ஏழாம் நாள் காலை முதல் பஸ்ஸில் எப்போதும்வென்றான் போய் இறங்கினோம். ஒருத்தரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்று பேச்சியம்மா சொன்னது தப்பு. டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். தாத்தா பேர் என்ன, எந்த வகையறா, கப்பலேறிப் போனது எந்தக் காலம். நான் என் தாத்தாவின் உண்மையான பேரையே சொல்லிவைத்தேன். ஒரு பெரியவர் கண்ணை மூடி யோசித்து, "அப்படி ஒரு ஆளு போனதாத்தான் சொல்லுவாவ" என்று தலையாட்டினார். என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள்.

அவர்கள் விடவில்லை. ஒருவர் கோயில் சாவி எடுத்து வந்தார், ஒருவர் சூடம் வாங்கி வந்தார். காட்டுக்குள் இருந்த சின்னக் கோயிலுக்கு என்னை அழைத்துப் போனார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். கரிசல் சேறு பாதத்தில் அப்பி, அடிக்கு அடி கால் கனத்தது. மலேசியாவிலிருந்து பிள்ளை வந்திருக்கிறது, காப்பாற்று என்று அந்தப் பெரியவர் சாமியிடம் உரக்கச் சொன்னார். நெற்றியில் திருநீறு பூசினார். சண்முகையாவைக் காப்பாற்று என்று நான் வேண்டிக்கொண்டேன். பொய் சொல்லி வந்தவளின் வேண்டுதல் சாமிக்குக் கேட்குமா என்று தெரியவில்லை.

நான் அங்கே சூடத்தை ஒற்றிக்கொண்டிருந்த நேரத்தில் பேச்சியம்மா சண்முகையா வீட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தார். ஆள் இல்லை. விடியக்காலமே கோவில்பட்டிக்கு லோடு ஏற்றப் போயாயிற்று, மத்தியானம் வண்டி கிளம்பிவிடும். அவர் மனைவி பொன்னுத்தாய் பேச்சியம்மாவின் கையில் ஒரு தூக்குச்சட்டியைக் கொடுத்து விட்டிருந்தாள். லாரி செட்டில் நாலு பேர் இருப்பார்கள், சாப்பாட்டை மறந்துவிட்டுப் போய்விட்டார், கொடுக்க வந்தோம் என்று சொல்லுங்கள் என்றாளாம். அவள் புத்தி எனக்கு வரவில்லை.

திரும்பி வந்த பஸ் எதிரே வந்த டிராக்டருக்கு ஒதுங்கியபோது சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். ஆழமாகத்தான் போயிற்று. கண்டக்டர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, "வேற வண்டி வந்துதான் இழுக்கணும்" என்றார். மணி பதினொன்றரை. பேச்சியம்மா தூக்குச்சட்டியைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டி, தீக்குச்சி மூட்டை ஏற்றி வந்த ஒரு மினி லாரியை நிறுத்தினார். மூட்டைகளுக்கு மேல் ஏறி உட்கார்ந்தோம். ஐம்பது வயதில் அப்படி ஏறுவேன் என்று நினைத்ததே இல்லை. ஒவ்வொரு பள்ளத்திலும், நேரமாகிவிட்டது என்ற ஒரே நினைப்பு.

லாரி செட்டில் வண்டி நின்றது. பண்டல் அடுக்கி முடிந்து, தார்ப்பாயை விரித்துக்கொண்டிருந்தார்கள். சண்முகையா எங்களைக் கண்டதும் முகம் வெளிறி, மளமளவென்று நடந்து வந்து எங்களை ஒரு வேப்பமரத்தடிக்கு ஒதுக்கினார்.

"பொன்னுத்தாய் குடுத்து விட்டா. மறந்து வச்சிட்டுப் போயிட்டியாம்லா" என்று பேச்சியம்மா தூக்குச்சட்டியை நீட்டினார்.

அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "நான் ஒரு நாளும் சாப்பாடு கொண்டு போனதில்லயே" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "என்ன சிஸ்டர்?"

"அன்னைக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். நான் சொன்னது தப்பு. மறுபடி பாக்கணும்."

"நீங்கதான மஞ்சன்னு சொன்னீங்க. நான் கேட்டுட்டுத்தான கெடந்தேன்."

"மஞ்சள் இல்ல. பேச்சியம்மா உங்க துணியைத் துவைச்சாங்க. அது செவக்கல."

தார்ப்பாய்க்காரர்கள் கயிற்றை இழுத்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "எனக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்கு" என்றார் மெதுவாக. "அதுக்கு மேல இன்னொண்ணையும் தெரிஞ்சு வச்சு என்ன செய்ய? தெரியாமப் போறது நல்லதுல்லா?"

அப்போது அண்ணனைப் பற்றிச் சொன்னேன். கிரேன் ஓட்டியது, இரண்டு வருஷம், மூலம் என்று எல்லோரும் சொன்னது, அவரும் கூசினார், நானும் கூசினேன், ஒருவரும் பார்க்கவில்லை என்பது. கடைசி மாதங்களில் அவர் எப்படிக் கிடந்தார் என்பதையும் சொன்னேன். அந்நியர் ஒருவரிடம் இதை முதல்தடவையாகச் சொல்கிறேன் என்பது பேசி முடித்த பிறகுதான் உறைத்தது. "உங்களுக்கு இருக்கிறது புற்றா என்னன்னு எனக்குத் தெரியாது. ஆகாம இருந்தா, இப்ப எடுத்திடலாம். அண்ணனுக்கு அந்த நேரம் கிடைக்கல" என்றேன்.

சண்முகையா வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "தார்ப்பா கட்ட ஒரு மணி நேரம் ஆவும்" என்றார். தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

இந்தத் தடவை டாக்டர் விளக்குக்கு ஒரு லாரி பேட்டரியை ஏற்பாடு செய்து வைத்திருந்தார். வினிகர் பஞ்சை வைத்துவிட்டு இரண்டு நிமிஷம் காத்திருந்தோம். பஞ்சை எடுத்ததும் டி.வி.யில் அது தெரிந்தது. உளுந்து அளவுக்கு, சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி வெள்ளை. அதற்குள் சின்னச் சின்னக் கோடுகள், கட்டம் கட்டமாக. "சித்திரையில எங்க காடு இப்படித்தான் வெடிச்சுக் கிடக்கும்" என்றார் டாக்டர் தாழ்ந்த குரலில். அயோடின் தடவினோம். சுற்றியிருந்த தோல் பழுப்பேறியது. அந்த இடம் மட்டும் மஞ்சளாகவே நின்றது, நான் அன்று பார்த்த அதே மஞ்சள். டாக்டர் கிள்ளி எடுத்தார்.

"நான் பாக்கலாமா?" என்று கேட்டார் சண்முகையா. டி.வி.யை அவர் பக்கம் திருப்பினோம். கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"இம்புட்டுதானா?"

"இவ்வளவுதான்."

"டயர்ல ஏறுன ஆணியும் இம்புட்டுதான் தெரியும்" என்றார். எழுந்து, கால் கழுவி, கொண்டுவந்த சட்டியைத் திறந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டே சாப்பிட்டார். இரண்டு நாள் உட்கார வேண்டாம் என்று டாக்டர் சொன்னதற்கு, கூட வருகிற டிரைவரை ஓட்டச் சொல்லி, தான் பின்னால் படுத்து வருவதாகச் சொன்னார். பத்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு, எந்த ஊரில் இருந்தாலும் பூத்திலிருந்து பேசுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் யார் யாரைப் பார்த்தோம் என்று எனக்கு அவ்வளவாக நினைவில்லை. மஞ்சள் தெரிந்த இடத்திலெல்லாம் மறுபடி துடைத்து, மறுபடி வினிகர் வைத்துப் பார்த்தோம் என்பது மட்டும் நினைவிருக்கிறது. முதல் வாரம் வந்த பெண்களையும் ஒருவர் விடாமல் திரும்ப வரவழைக்க டாக்டர் பட்டியல் எழுதினார். மதியச் சாப்பாட்டை இரண்டு பேரும் அளைந்துவிட்டு எழுந்தோம்.

பத்தாம் நாள் காலை திருநெல்வேலி பரிசோதனைக் கூடத்திலிருந்து தாள் வந்தது. டாக்டர் நின்றுகொண்டே படித்தார். படித்து முடித்ததும் உட்கார்ந்தார். புற்று இல்லை. புற்றுக்கு முந்திய நிலை, அதிலும் கடைசிப் படி. தாண்டவில்லை. மூலத்தைச் சூட்டுக் கருவியால் கருக்கும் மதுரை டாக்டர் ஒருவர், இதே இடத்தையும் கருக்கித் தருவதாக ஏற்கெனவே தமயந்தியிடம் சொல்லியிருந்தார்.

பதினொன்றேகாலுக்குப் போன் அடித்தது. நாகபுரியிலிருந்து பேசினார். டாக்டர் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். திரும்பி வந்ததும் மதுரைக்குப் போக வேண்டும், அதற்குப் பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும் என்றார். மறுபக்கம் லாரி ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் என்னவோ கேட்க, டாக்டர் ரிசீவரைப் பேச்சியம்மாவிடம் நீட்டினார். "உங்ககிட்டதான் பேசணுமாம்" என்றார்.

பேச்சியம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். "ஆங், நான்தான்" என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "அட, அதுக்கென்னப்பா… துணி தொவைக்கவ பாக்க மாட்டாளா… சரி, சரி, அழாத… சாப்ட்டியா?… வந்ததும் நேரா இங்கன வா. பொன்னுத்தாயையும் கூட்டிட்டு வா." ரிசீவரை வைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு கொல்லைக் குழாயடிக்குப் போய்விட்டார்.

எனக்கு மாலையில் ரயில். பெட்டி கட்டியாகிவிட்டது. நானும் குழாயடிக்குப் போய் அவருக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு வெள்ளைத் துணியை எடுத்துச் சோப்புப் போட்டேன். அது என் கையில் மெல்லச் சிவந்தது.

"ஒங்களுக்கு எதுக்கு சிஸ்டரு இந்த வேல?" என்றார்.

"எங்க அண்ணன் கைலியெல்லாம் நான்தான் துவைச்சேன், ரெண்டு வருஷமும்" என்றேன்.

பேச்சியம்மாவின் கை நின்றது. "கறை இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு. கறை போற வரைக்கும் கசக்கிக் கசக்கித் துவைச்சேன். யார்கிட்டயும் சொல்லல."

பேச்சியம்மா குழாயைத் திறந்துவிட்டு, சோப்பை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.